பூட்டிய அறையில் இருக்கும் தரவு: பிரிட்டனில் ரகசிய நுண்தரவைக் கேட்டு வாங்குவது எப்படி

லண்டனில் தமிழ் பேசுகிறவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள், எவ்வளவு சம்பாதிக்கிறார்கள், அடுத்த தலைமுறை எப்படிப் போகிறது என்று ஆராய வேண்டும், டேட்டா எங்கே கிடைக்கும்? இங்கே பிஎச்டி செய்ய வரும் நம் பிள்ளைகளில் வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். டேட்டா இருக்கிறது. எங்கே, யார் கையில், என்ன பெயரில் என்பதெல்லாம் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அது பூட்டிய அறையில் இருக்கிறது, சாவி வாங்க மாதக்கணக்கில் ஆகும், உள்ளே போன பிறகு ஒரு எண்ணை வெளியே எடுத்து வரவும் யாராவது ஒருவர் சரி என்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் மூன்றாம் வருடத்தில் தெரிந்துகொண்டு தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நுண்தரவு, அதாவது அட்டவணையாகக் கூட்டுவதற்கு முந்தைய, ஒரு வரிக்கு ஒரு ஆள் அல்லது ஒரு நிறுவனம் என்று இருக்கும் டேட்டா, ஒரே மாதிரிப் பூட்டில் இருப்பதில்லை. ஆய்வாளர்களுக்கு டேட்டாவைக் கொடுக்கும் அமைப்பான யூகே டேட்டா சர்வீஸ் மூன்று படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது: யாரும் எடுக்கலாம் என்பது ஒன்று, பதிவு செய்து நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டு எடுப்பது இன்னொன்று, பாதுகாப்பு ஆய்வகத்துக்குள் உட்கார்ந்து மட்டுமே பார்க்கக்கூடியது மூன்றாவது. 2011 சென்சஸ் இதற்கு நல்ல உதாரணம். இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகையில் 1 சதவீத மாதிரி கற்பிப்பதற்கென்று இணையத்தில் திறந்தே கிடக்கிறது, ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகள், மாறிகள், அதாவது வயது, தொழில் போன்ற விவரங்கள்தான் குறைவு. 5 சதவீத மாதிரி இரண்டாவது படியில். 10 சதவீத மாதிரி மூன்றாவது படியில், உள்ளூர் அளவிலும் தொழில் அளவிலும் நிறைய விவரத்தோடு. ஒரே கணக்கெடுப்பு, மூன்று விதப் பூட்டு.

அதனால் என் முதல் ஆலோசனை பலருக்குப் பிடிக்காத ஒன்று: மூன்றாம் படிக்கு விண்ணப்பிக்காதீர்கள், முதலில் இரண்டாம் படியில் உட்கார்ந்து வேலையை ஆரம்பியுங்கள். தொழிலாளர் கணக்கெடுப்பு, அண்டர்ஸ்டாண்டிங் சொசைட்டி போன்றவற்றின் சாதாரணப் பதிப்புகள் பதிவு செய்தாலே கிடைக்கும், கல்வி ஆய்வுக்குக் கட்டணமும் கிடையாது. அண்டர்ஸ்டாண்டிங் சொசைட்டி 2009இல் ஏறக்குறைய 40,000 குடும்பங்களோடு தொடங்கி அதே ஆட்களை வருடா வருடம் கேட்டுக்கொண்டு வருவது, அதில் சிறுபான்மை இனக்குழுக்களுக்கென்று கூடுதல் மாதிரியும் எடுத்திருக்கிறார்கள். சாதாரணப் பதிப்பில் பிராந்தியம் வரைக்கும்தான் இடம் தெரியும். உள்ளாட்சிப் பகுதி வேண்டுமென்றால் சிறப்பு உரிமம் என்று தனியாக ஒரு விண்ணப்பம். வீட்டின் வரைபடக் கட்டம் வரைக்கும் வேண்டுமென்றால் பாதுகாப்பு ஆய்வகம். உங்கள் கேள்விக்கு லண்டன் என்ற ஒரு சொல் போதுமா, ஹாரோ, நியூஹாம் என்று அதன் உள்ளாட்சிப் பகுதிகளும் தனித்தனியாகத் தெரிய வேண்டுமா? இதற்குப் பதில் தெரியாமல் ஃபார்மைத் திறக்க வேண்டாம்.

அப்புறம் தமிழர்களைப் பற்றிய ஆய்வு என்றால் இன்னொரு தலைவலி உண்டு. சென்சஸில் 'தமிழர்' என்று டிக் அடிக்க ஒரு பெட்டி கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் 'இந்தியர்' என்பதை டிக் அடிப்பார், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் 'வேறு ஆசியப் பின்னணி' என்பதில் போட்டுப் பக்கத்தில் ஏதாவது எழுதுவார் அல்லது எழுதாமலே விடுவார். பிறந்த நாடு இலங்கை என்று எடுத்தால் சிங்களவரும் முஸ்லிம்களும் சேர்ந்து வருவார்கள். முதன்மை மொழி என்ன என்று இங்கிலாந்தில் முதல்முறையாகக் கேட்டது 2011இல்தான், அதில் தமிழ் என்று சொன்னவர்கள் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து ஒரு லட்சம் பேர் அளவில். வீட்டில் அம்மாவோடு தமிழ் பேசிக்கொண்டு ஃபார்மில் ஆங்கிலம் என்று எழுதிய பிள்ளைகள் இந்தக் கணக்கில் இல்லை. ஆக எந்த மாறியை வைத்து யாரைத் தமிழர் என்று எண்ணப் போகிறீர்கள் என்பதே ஒரு அத்தியாயம். அந்த மாறி பொதுப் பதிப்பில் எவ்வளவு விவரமாக இருக்கிறது, பல மொழிகளை ஒரே வகையில் சேர்த்துவிட்டார்களா என்று மாறிப் பட்டியலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பட்டியல் எல்லாருக்கும் திறந்தே இருக்கும், பூட்டு டேட்டாவுக்கு மட்டும்தான்.

எந்த டேட்டா, எதற்கு

மூன்றாம் படியில் இருப்பவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன், நான் அதிகம் தொட்டவை அவைதான்.

சம்பளம் என்றால் ஆஷ், அதாவது ஊதியம் மற்றும் வேலை நேரக் கணக்கெடுப்பு. தேசியக் காப்பீட்டு எண்ணின் கடைசி இலக்கங்களை வைத்து ஊழியர் வேலைகளில் 1 சதவீதத்தை எடுத்து, பதிலை வேலைக்காரரிடம் கேட்காமல் முதலாளியிடம் சம்பளப் பட்டியலைப் பார்த்து எழுதச் சொல்கிறார்கள், அதனால் சம்பள எண்கள் நம்பகமானவை. ஆனால் முதலாளிக்குத் தெரிந்தது மட்டும்தான் அதில் இருக்கும்: இனம் இல்லை, மொழி இல்லை, படிப்பு இல்லை. சுயதொழில் செய்கிறவர்கள் மொத்தமாகவே கிடையாது, பெட்ரோல் நிலையமும் மூலைக்கடையும் நடத்தும் நம்மவர்களைப் பற்றி எழுதப் போகிறவர் இதைக் கவனிக்க வேண்டும். இந்தக் குறையைப் போக்க ஆஷை 2011 சென்சஸோடு இணைத்து ஒரு தொகுப்பு செய்திருக்கிறார்கள், இன வாரியான சம்பள இடைவெளி பற்றிய கேள்விகளுக்கு அதுதான் வழி.

தலைமுறை மாற்றம் என்றால் ஓஎன்எஸ் (தேசியப் புள்ளியியல் அலுவலகம்) நடத்தும் லாங்கிட்யூடினல் ஸ்டடி, அதாவது அதே ஆட்களைக் காலம் நெடுகத் தொடரும் ஆய்வு. எனக்கு இதன் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு, அது எடுக்கப்பட்ட விதமே அழகு. வருடத்தில் நான்கே நான்கு பிறந்தநாள்களைத் தேர்ந்து, அந்த நாள்களில் பிறந்தவர்களை 1971 சென்சஸிலிருந்து ஒவ்வொரு சென்சஸிலும் தேடி இணைத்து, பிறப்பு இறப்புப் பதிவுகளையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எந்த நான்கு நாள்கள் என்பது ரகசியம். 365இல் 4 என்றால் சுமார் 1.1 சதவீதம். ஸ்காட்லாந்து தனக்கென்று 20 பிறந்தநாள்களும் வட அயர்லாந்து 104 பிறந்தநாள்களும் வைத்துக்கொண்டிருக்கின்றன, மக்கள்தொகை சிறியதாக இருப்பதால்.

பள்ளிப் பிள்ளைகள் என்றால் இங்கிலாந்தின் நேஷனல் பியூப்பில் டேட்டாபேஸ். இது கணக்கெடுப்பே இல்லை, பள்ளிகள் நிர்வாகத்துக்காக அனுப்பும் பதிவு, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் இருப்பார்கள். நிர்வாகத் தரவின் பலமும் பலவீனமும் அதுதான். ஆள் விடுபடாது, ஆனால் உங்கள் கேள்விக்காக யாரும் சேகரித்ததில்லை, அதிகாரிக்கு எது தேவையோ அதுதான் இருக்கும்.

மருத்துவப் பதிவுகள் வேண்டுமென்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிடலாம். 2017ஆம் ஆண்டு டிஜிட்டல் எகானமி சட்டத்தில் ஆய்வுக்கான வழி சுகாதாரம், வயதுவந்தோர் சமூகப் பராமரிப்பு அமைப்புகளை விட்டுவிட்டுத்தான் எழுதப்பட்டிருக்கிறது, அவற்றுக்கு அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் தனி வாசல் வைத்திருக்கிறது.

ஆளுக்கு ஒரு அனுமதி, திட்டத்துக்கு ஒரு அனுமதி

இரண்டும் வேறு வேறு என்பது பலருக்குப் பிடிபடுவதில்லை. முதலில் நீங்கள் அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர் ஆக வேண்டும். கணிதமோ புள்ளியியலோ கணிசமாக உள்ள ஒரு பட்டம் இருக்க வேண்டும், அல்லது மூன்று வருடம் எண்களோடு ஆய்வு செய்த அனுபவத்தைக் காட்ட வேண்டும். இரண்டும் இல்லாதவர் தற்காலிக அங்கீகாரத்தோடு, முழு அங்கீகாரம் உள்ள ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்யலாம். பாதுகாப்பான ஆய்வாளர் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது, அதற்கு உட்கார்ந்து பிறகு தேர்வு எழுத வேண்டும். தேர்வு பயங்கரமானது ஒன்றும் இல்லை, ஆனால் புள்ளியியல் தெரியும் என்ற மிதப்பில் பயிற்சியைக் காதில் வாங்காமல் எழுதினால் தவறலாம், ஏனென்றால் கேட்பது புள்ளியியல் இல்லை, எந்த அட்டவணையில் யார் அடையாளம் தெரியும் என்பது. பிறகு ஒரு உறுதிமொழியில் கையெழுத்து. அங்கீகாரம் ஐந்து வருடம் செல்லும். யார் யார் அங்கீகாரம் பெற்றவர்கள் என்ற பட்டியலையும் எந்தெந்தத் திட்டங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள் என்பதையும் வெளியிடுகிறார்கள். விண்ணப்பம் எழுதும் முன் அந்தத் திட்டப் பட்டியலை ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள், எந்த மாதிரிக் கேள்விக்கு எந்த டேட்டாவைக் கொடுக்கிறார்கள் என்பது இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரியாது.

கையெழுத்தைச் சும்மா போட்டுவிடாதீர்கள். 2007ஆம் ஆண்டின் புள்ளியியல் சட்டப்படி தனிநபர் தகவலை வெளியே விட்டால் இரண்டு வருடம் வரை சிறை, அபராதம். அது எல்லை மீறியவர்களுக்கு. சாதாரணத் தவறுக்கே அணுகல் நிறுத்தப்படும், சில நேரம் பல்கலைக்கழகம் முழுவதற்கும் சேர்த்து.

திட்ட அனுமதி இன்னொரு கதை. யூகே ஸ்டாடிஸ்டிக்ஸ் அதாரிட்டியின் கீழ் ஒரு அங்கீகாரக் குழு இருக்கிறது. அதற்கு அனுப்பும் ஃபார்மில் கேள்வி என்ன, எந்த டேட்டா, எந்த வருடங்கள், எந்த முறை, யார் யார் தொடப் போகிறார்கள், எங்கே வெளியிடுவீர்கள் என்று எல்லாம் இருக்கும். நெறிமுறை மதிப்பீடும் சேர வேண்டும். எல்லாரும் சறுக்கும் இடம் பொது நன்மை என்ற பகுதி. 'இந்தத் துறையில் இதுவரை யாரும் ஆராயவில்லை' என்று எழுதுகிறார்கள். அது உங்கள் சூப்பர்வைசருக்கான பதில், அந்தக் குழுவுக்கு இல்லை. குறைந்தபட்சக் கூலியைத் தீர்மானிக்கிறவர்களுக்கு இது எப்படி உதவும், லண்டன் உள்ளாட்சிகள் இதை வைத்து என்ன செய்யலாம் என்று நேராக எழுதுங்கள். கணக்கு தெரியாத ஒருவர் படித்தாலும் புரிய வேண்டும். எங்கேயும் வெளியிடப் போவதில்லை என்றால் அனுமதியும் இல்லை.

டேட்டாப் பட்டியலை எழுதுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே நல்ல வழி: உங்கள் ஆய்வின் கடைசியில் வரப்போகும் அட்டவணைகளை எண் இல்லாமல் வெறும் கட்டங்களாக வரைந்துவிடுவது. வரிசையில் என்ன, நிரலில் என்ன, எந்த வருடம். இதைச் செய்தால் தேவையில்லாத மாறியைக் கேட்க மாட்டீர்கள் (கேட்டால் ஏன் என்று திருப்பிக் கேட்பார்கள்), தேவையானதை மறக்கவும் மாட்டீர்கள். மறந்தால் பிறகு திருத்த விண்ணப்பம், மறுபடியும் காத்திருப்பு. இன்னொன்று, உங்கள் சூப்பர்வைசரின் பெயரையும் சேருங்கள், அவருக்கும் அங்கீகாரம் வாங்கச் சொல்லுங்கள். ஏன் என்று கீழே.

அந்த வெறும் கட்டங்களை வைத்து இன்னொரு வேலையும் செய்யலாம். தமிழை முதன்மை மொழியாகச் சொன்னவர்கள் ஒரு லட்சம், அதில் 1.1 சதவீதம் என்றால் லாங்கிட்யூடினல் ஸ்டடியில் 1,100 பேர் கிடைக்கலாம். பாதி பெண்கள், 550. அதில் வேலையில் இருப்பவர்கள் ஒரு 250 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களை ஒன்பது பெரிய தொழில் வகைகளாகப் பிரித்தால் சராசரியாக ஒரு கட்டத்துக்கு 28 பேர், சில கட்டங்களில் நான்கைந்து பேர். அதை லண்டனின் 33 பகுதிகளாலும் பிரிக்க வேண்டுமா? அட்டவணை அங்கேயே செத்துவிட்டது. இது தோராயக் கணக்குதான், ஆனால் இந்த ஐந்து நிமிடக் கணக்கைப் போடாமல் ஆறு மாதம் காத்திருந்து உள்ளே போய் இதையே கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள்.

உள்ளே

எல்லா அனுமதியும் வந்தாச்சு, லாகின் கொடுத்தாச்சு. டேட்டா உங்கள் கணினிக்கு வராது. அவர்களுடைய சர்வரில் இருக்கும், உங்களுக்குத் தெரிவது திரை மட்டும். ஸ்டாட்டா, ஆர் போன்ற புள்ளியியல் மென்பொருளெல்லாம் இருக்கும், இணையம் இருக்காது, உள்ளிருந்து வெளியே காப்பி பேஸ்ட் ஆகாது. வெளியே எழுதிய புரோகிராம் கோடை (code) உள்ளே கொண்டுபோக வேண்டுமென்றால் உதவிக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அதனால் பொதுப் பதிப்பை வைத்தோ, அதே வடிவத்தில் நீங்களே உருவாக்கிய போலித் தரவை வைத்தோ கோடை வெளியிலேயே எழுதி ஓடவைத்துவிட்டு உள்ளே போவது புத்திசாலித்தனம்.

சில டேட்டாவை உங்கள் அலுவலகத்திலிருந்து பார்க்கலாம், சிலவற்றை வீட்டிலிருந்தும், சிலவற்றைப் பாதுகாப்பு அறையிலிருந்து மட்டும். சேஃப்பாட் என்று பல பல்கலைக்கழகங்களில் ஒரு சின்னக் கூண்டு வைத்திருக்கிறார்கள், பழைய எஸ்டிடி பூத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கணினி வைத்தது போல் இருக்கும், நேரம் முன்பதிவு செய்துகொண்டு போய் உட்கார வேண்டும். எந்த வழியானாலும் பிரிட்டனுக்குள் இருந்துதான். பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்தில், ஒரு ரிக்ரஷன் ஓட்டிப் பார்ப்போமே என்று மதுரையிலிருந்து லாகின் முயற்சி செய்தால் அது விதிமீறல், வேலை செய்யாமல் போனாலும் முயற்சி பதிவாகும்.

திரையைப் போட்டோ எடுக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளக் கூடாது, போனில் வாசித்துக் காட்டக் கூடாது, ஜூமில் திரையைப் பகிரக் கூடாது, பிழைச் செய்தியை டேட்டாவோடு சேர்த்து சாட்பாட்டில் தட்டிக் கேட்கக் கூடாது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்க்கும்படி உட்காரவும் கூடாது. இப்போது சூப்பர்வைசர் விஷயத்துக்கு வருகிறேன்: அதே திட்டத்தில் பெயர் இல்லாத சூப்பர்வைசருக்கு நீங்கள் எதையும் காட்ட முடியாது. 'குணகம் நெகட்டிவாக வருகிறது சார், சுமார் மைனஸ் 0.2' என்று வாயால் சொல்வதுகூட முடியாது, அவுட்புட், அதாவது வெளியே எடுக்கக் கேட்கும் முடிவுகள், சரிபார்த்து வெளியே வரும் வரைக்கும்.

வெளியே எடுப்பதுதான் பெரிய வேலை

நான் முதன்முதலில் அனுப்பிய அவுட்புட் திரும்பி வந்தது. ஸ்டாட்டா லாக் ஃபைலை அப்படியே அனுப்பியிருந்தேன், இருபதுக்கும் மேல் அட்டவணைகள், மாறிகளின் பெயரெல்லாம் எனக்கு மட்டும் புரியும் சுருக்கத்தில். சரிபார்க்கிறவர்கள் இரண்டு பேர், அவர்களுக்கு உங்கள் ஆய்வு தெரியாது. ஒவ்வொரு அட்டவணைக்கும் அது என்ன, யாரைப் பற்றியது, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவன் மேல் அவர்களுக்குக் கோபம் இல்லை, வரிசையின் கடைசிக்குப் போவான், அவ்வளவுதான்.

இரண்டாவது முறை வந்த பதில்தான் எனக்குப் பாடம் எடுத்தது. ஒரு கட்டத்தில் பத்துக்கும் குறைவான ஆட்கள் இருக்கக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. ஒரு கட்டத்தில் 7 பேர், அதை நட்சத்திரம் போட்டு மறைத்துவிட்டேன், பெருமையாகவே அனுப்பினேன். உதாரணத்துக்குச் சொல்கிறேன், மொத்தம் 143, பெண்கள் 136, ஆண்கள் நட்சத்திரம். கழித்துப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் 7 கிடைத்துவிடும். ஒன்றை மறைத்தால் அதே வரிசையில் இன்னொன்றையும் மறைக்க வேண்டும், அல்லது வகைகளைச் சேர்த்துப் பெரிதாக்க வேண்டும். இதே கழித்தல் இரண்டு அட்டவணைகளுக்கு இடையிலும் நடக்கும்: ஜனவரியில் 16 முதல் 64 வயது வரை ஒரு அட்டவணை வாங்கினீர்கள், ஜூனில் மனம் மாறி 18 முதல் 64 வரை ஒன்று கேட்கிறீர்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் 16, 17 வயதுக்காரர்கள் தனியாக நிற்பார்கள். அதனால் வயது வரம்பு, பிராந்தியப் பிரிவு, தொழில் வகை எல்லாவற்றையும் முதல் அவுட்புட்டுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள், போகப் போக மாற்றாதீர்கள்.

பத்து பேர் என்பது எடையிடாத எண்ணிக்கை, அதாவது மாதிரியில் உண்மையில் இருக்கும் ஆட்கள். கணக்கெடுப்பில் ஒருவர் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பிரதிநிதி, அட்டவணையில் 4,000 என்று கம்பீரமாக நிற்கும், அடியில் இருப்பது ஆறு பேராக இருக்கும். இரண்டு எண்ணிக்கையையும் சேர்த்தே அனுப்புங்கள்.

அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டும் பெரும்பாலும் ஒரே ஒரு ஆளின் எண், அதனால் வராது. இடைநிலை அளவும் சதமான அளவுகளும் சிறிய குழுக்களில் அதே பிரச்சினை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆளாக இருக்கும் சிதறல் வரைபடம், பெட்டி வரைபடத்தில் வெளியே தனியாக நிற்கும் புள்ளிகள், எச்சங்களின் (உண்மை எண்ணுக்கும் ரிக்ரஷன் கணித்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசங்களின்) வரைபடம், எல்லாம் தள்ளுபடி. ரிக்ரஷன் குணகங்கள் பொதுவாகப் பாதுகாப்பானவை, ஆனால் எல்லா மாறிகளும் ஆம்-இல்லை வகையாக இருந்து எல்லாச் சேர்க்கைகளையும் போட்டால் அது வேஷம் போட்ட அட்டவணைதான், சரிபார்க்கிறவருக்கும் அது தெரியும். நிறுவன டேட்டா என்றால் பத்து நிறுவனங்கள் இருந்தாலும் போதாது. ஊரில் ஒரு பெரிய ஆலையும் ஒன்பது சின்னப் பட்டறைகளும் இருந்தால் மொத்த விற்பனை என்பது ஏறக்குறைய அந்த ஆலையின் விற்பனை, அதனால் பெரிய நிறுவனத்தின் பங்கு எவ்வளவு என்றும் பார்ப்பார்கள்.

இது அவர்களுடைய கெடுபிடி என்று எனக்கும் ஆரம்பத்தில் எரிச்சல் இருந்தது. பிறகு ஒருநாள், ஒரு பகுதியில் இலங்கையில் பிறந்த, அறுபதைத் தாண்டிய, ஒரு குறிப்பிட்ட தொழிலில் இருக்கும் ஆண்கள் என்ற கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பகுதிக் கோயில் திருவிழாவுக்குப் போகிறவன் நான். யார் யார் அந்தக் கட்டத்தில் இருக்கக்கூடும் என்று மனம் தானாகவே தேட ஆரம்பித்துவிட்டது. உடனே வகைகளைச் சேர்த்துக் கட்டத்தைப் பெரிதாக்கினேன். சின்னச் சமூகத்தைப் பற்றி அதே சமூகத்துக்காரர் ஆராயும்போது இந்த ஆபத்து வெளியாளுக்கு இருப்பதைவிட நமக்கு அதிகம். உள்ளே தெரிந்த ஒருவரைத் தேடிப் பார்ப்பது தெளிவாகவே விதிமீறல், தற்செயலாக அடையாளம் தெரிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது.

அவுட்புட்டைக் குறைவாகக் கேளுங்கள். இடைக்கால எண்களையெல்லாம் வெளியே எடுக்காமல் உள்ளேயே பார்த்து முடிவு செய்துவிட்டு, ஆய்வேட்டில் அச்சாகப் போகிறதை மட்டும் கேளுங்கள். புரோகிராம் கோடையும் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அதில் எண்கள் எதையும் குறிப்பாக எழுதி வைக்காமல் இருந்தால்.

கடைசியாக, திட்டத்துக்கு ஒரு முடிவுத் தேதி இருக்கும். ஆய்வேடு கொடுக்கும் தேதியை அங்கே எழுதிவிடுகிறார்கள். பிறகு கட்டுரையை ஒரு இதழுக்கு அனுப்பி, எட்டு மாதம் கழித்து ஒரு மதிப்பீட்டாளர் 'இந்த மாதிரியை 2001 வரை நீட்டிப் பார்த்தீர்களா' என்று கேட்கும்போது அறை பூட்டியிருக்கும். தேதியை ஒரு வருடம் தள்ளியே போடுங்கள், முடிவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே நீட்டிப்பும் கேட்டுவிடுங்கள்.